அடைக்கிற தூசி, அறுக்கிற தூசி: கார் ஏர் ஃபில்டரை வீட்டிலேயே மாத்துவது எப்படி?



இந்த இதழின் தொழில்நுட்பப் பகுதிக்கு ஒரு சின்ன வேலையை எடுத்துக்கிட்டேன். கார் எஞ்சினோட ஏர் ஃபில்டரை நாமளே மாத்துறது. பெரிய டூல்ஸ் வேண்டாம், காருக்கு அடியில படுக்க வேண்டாம், கையில கிரீஸ்கூட அவ்வளவா ஒட்டாது. முதல் தடவை செய்யும்போது அரை மணி நேரம் ஆகும், பழகிட்டா 10 நிமிஷம். மெக்கானிக்கல் படிக்கிறவங்கதான் செய்யணும்னு இல்லை. சி.எஸ்.இ., இ.சி.இ. மக்களும் தாராளமா செய்யலாம்.

'எப்படி மாத்துறது'ங்கிறதை மட்டும் தெரிஞ்சுக்க 3 நிமிஷ வீடியோ போதும். 'எதுக்கு'ங்கிறதுதான் பல பேருக்குத் தெரியறதில்லை. அதனாலதான் நம்ம ஏரியாவுல நிறைய பேர் ஃபில்டரைக் கழட்டி, கம்ப்ரசர்ல பளிச்னு ஏர் அடிச்சு, "புதுசு மாதிரி ஆயிடுச்சு"ன்னு திரும்பவும் அதையே போட்டுடறாங்க. இது ஏன் பிரச்சினை, காங்கேயம் மாதிரி ஊர்ல ஏன் இன்னும் பெரிய பிரச்சினைன்னு முதல்ல பார்த்துடுவோம். அப்புறம் ஸ்க்ரூ டிரைவரைக் கையில எடுப்போம்.

எஞ்சின் எவ்வளவு காத்து குடிக்குது?

ஐ.சி. எஞ்சின் பாடத்துல படிச்ச எண் ஞாபகம் இருக்கா? 1 கிலோ பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிலோ காத்து வேணும். எடையாப் பார்த்தா சாதாரணமாத் தெரியும். அதையே லிட்டர்ல போட்டுப் பாருங்க.

1 லிட்டர் பெட்ரோலோட எடை சுமார் 0.74 கிலோ. அதுக்கு வேண்டிய காத்து கிட்டத்தட்ட 11 கிலோ. நம்ம ஊர் வெயில்ல 1 கன மீட்டர் காத்து 1.16 கிலோ பக்கம்தான் இருக்கும். ஆக, 1 லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காத்து தேவை. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இது கொஞ்சம் குறையும், ஆனா கணக்கு பெருசா மாறாது. நீங்க பங்க்ல 5 லிட்டர் போட்டுட்டு வந்தா, அதை எரிக்க எஞ்சின் 45,000 லிட்டர் காத்தை உள்ள இழுக்கப் போகுதுன்னு அர்த்தம்.

இப்போ லிட்டருக்கு 15 கி.மீ. ஓடுற காரை எடுத்துக்குவோம். 10,000 கி.மீ.க்கு 667 லிட்டர் பெட்ரோல். காத்து? 60 லட்சம் லிட்டர், அதாவது 6,000 கன மீட்டர்.

இந்தக் காத்துல தூசி எவ்வளவு இருக்கும்? கணக்குக்காக, கன மீட்டருக்கு 1 மில்லிகிராம்னு வெச்சுக்கலாம். நல்ல தார் ரோட்டுல இதைவிடக் குறைவா இருக்கும். மண் ரோட்டுல லாரிக்குப் பின்னாடி போனா பல மடங்கு இருக்கும். 6,000 கன மீட்டருக்கு 6 கிராம் தூசி, அதாவது தோராயமா ஒரு டீஸ்பூன் உப்பு அளவு.

ஒரு டீஸ்பூன் மண்ணை எடுத்து எஞ்சினுக்குள்ள போடச் சொன்னா யாராவது போடுவோமா? அதைத் தடுத்து நிறுத்துறது மடிச்சு வெச்ச ஒரே ஒரு பேப்பர்தான். 

நம்ம ஊர் காத்துல என்னதான் இருக்கு?

புத்தகத்துல 'டஸ்ட்'னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. காங்கேயத்துல இருந்து திருப்பூர் ரோட்டுல ஒரு தடவை போயிட்டு வந்தா தூசியில எத்தனை ரகம்னு தெரியும். என்னோட வசதிக்கு நான் இதை ரெண்டாப் பிரிச்சுக்கிட்டேன்: அடைக்கிற தூசி, அறுக்கிற தூசி.

அடைக்கிற தூசின்னா மெத்துனு இருக்கிறது. பனியன் கம்பெனி, ஸ்பின்னிங் மில், வெள்ளகோவில் பக்கம் பவர்லூம்னு எல்லா இடத்துலயும் பறக்குற பஞ்சு. தேங்காய் மட்டை உரிக்கிற இடத்துல வர்ற நார்த்தூள். ரைஸ் மில் பக்கம் உமி, தவிடு. இதெல்லாம் ஃபில்டர் மேல ஒரு போர்வை மாதிரி படிஞ்சு காத்து வர்ற வழியை அடைக்கும். ஆனா இது எஞ்சினைத் தேய்க்காது. பருத்தி நாரால இரும்பைக் கீற முடியாதே.

அறுக்கிற தூசிதான் வில்லன். நம்ம செம்மண்ணுல குவார்ட்ஸ் துகள் நிறைய இருக்கு. மோஸ் கடினத்தன்மை அளவுல குவார்ட்ஸ் 7. சிலிண்டர் சுவரோட வார்ப்பிரும்பும் பிஸ்டனோட அலுமினியமும் அதைவிடக் கீழதான் வரும். கல் குவாரி லாரியில இருந்து பறக்குற கிரஷர் தூளும் இந்த ரகம்தான்.

இதுல பலரும் யோசிக்காத ஒண்ணு, உமிச் சாம்பல். நம்ம ஊர் ரைஸ் மில்கள்ல புழுங்கலுக்கு பாய்லர்ல உமியைத்தான் எரிப்பாங்க. உமியை எரிச்சா அதோட எடையில ஏறக்குறைய 5ல 1 பங்கு சாம்பலா மிஞ்சும். அந்தச் சாம்பல்ல பெரும்பகுதி சிலிக்கா. நெல் பயிர் மண்ணுல இருந்து உறிஞ்சி உமியில சேர்த்து வெச்ச சிலிக்கா அது. பார்க்க மெத்துனு கறுப்பாப் பறக்கும், ஆனா குணம் மணலோடது.

இன்னொரு சுவாரஸ்யமான தகவல். நம்ம சிவன்மலைப் பாறையைப் பத்தி 1901லயே இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில இருந்து டி.எச். ஹாலண்ட் தனி ஆய்வு நூல் எழுதியிருக்கார். அதுக்குக் காரணமான விசேஷக் கனிமங்கள்ல ஒண்ணு குருந்தம். மோஸ் அளவுல 9. அதுக்கு மேல 10ல இருக்கிறது வைரம் மட்டும்தான். வொர்க்‌ஷாப் லேப்ல நாம பயன்படுத்துற கிரைண்டிங் வீல்ல இருக்கிற அலுமினியம் ஆக்சைடும் இதே பொருள்தான். ஆங்கிலத்துல 'கொரண்டம்'னு சொல்ற பேரே தமிழ் 'குருந்தம்'ல இருந்து போனது. நம்ம ரோட்டுப் புழுதி முழுக்க குருந்தம்னு இதுக்கு அர்த்தம் இல்லை. புழுதின்னா ஏதோ மாவு மாதிரி மென்மையான பொருள்னு நினைச்சுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

இதோட ஆடிக் காத்தையும் சேர்த்துக்குங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அடிக்கிற காத்துலதான் நம்ம பக்கத்து காத்தாலைகள் சுத்துது. அந்த மாசங்கள்ல நமக்கு மழை குறைவு, காத்து ஜாஸ்தி. காய்ஞ்சு கிடக்குற கொறங்காட்டு மண்ணெல்லாம் ரோட்டுக்கு வந்துடும்.

இந்த ரெண்டு ரகத்துக்கும் இன்னொரு வித்தியாசம் இருக்கு. அடைக்கிற தூசி கண்ணுக்குத் தெரியும். அறுக்கிற தூசியில ஆபத்தானது தெரியாது. பெரிய மணல் துகளை ஃபில்டர் சுலபமாப் பிடிச்சுடும். 5 மைக்ரான்ல இருந்து 20 மைக்ரான் வரைக்கும் இருக்கிற துகள்தான் தொந்தரவு. தலைமுடியோட தடிமனே 70 மைக்ரான் பக்கம்னு பார்த்தா, இது எவ்வளவு பொடின்னு புரியும்.

உள்ள போனா என்ன ஆகும்?

பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல மெல்லிசா ஒரு ஆயில் படலம் இருக்கு. இந்த அளவு துகள் அந்த இடைவெளிக்குள்ள சரியா நுழைஞ்சு, ரெண்டு பக்கத்தையும் உரசும். வால்வு லேப்பிங் பேஸ்ட் வேலை செய்ற அதே முறைதான். அங்க நாம வேணும்னே செய்றோம், இங்க கேட்காமலே நடக்குது.

உரசி முடிஞ்சதும் துகள் ஆயிலோட கலந்து பேரிங் பக்கமும் போகும். ரிங் தேய்ஞ்சா கம்ப்ரஷன் குறையும், ஆயில் எரியும், நீலப் புகை வரும். டர்போ இருக்கிற வண்டின்னா, முதல் அடி வேகமாச் சுத்துற கம்ப்ரசர் வீல் மேலதான் விழும். இதெல்லாம் ஒரே நாள்ல நடக்காது, மெல்ல மெல்லத்தான் நடக்கும். அதனாலதான் யாரும் ஃபில்டரைச் சந்தேகப்படுறதில்லை. "வண்டி பழசாயிடுச்சுங்க"ன்னு சொல்லி முடிச்சுடுவாங்க. சின்ன பெட்ரோல் காருக்கு ஃபில்டர் விலை சில நூறு ரூபாய். எஞ்சினைப் பிரிச்சு ரிங், போர் வேலை பார்க்க பல பத்தாயிரம். கடன் கட்டி முடிச்ச ஒரே காரை இன்னும் பத்து வருஷம் ஓட்டணும்னு நினைக்கிற வீட்டுக்கு இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

ஃபில்டர் சல்லடை இல்லை

ஃபில்டர்னதும் நமக்கு டீ வடிகட்டி ஞாபகம் வரும். ஓட்டையைவிடப் பெருசா இருக்கிறது நிக்கும், சின்னது போயிடும். ஆனா ஏர் ஃபில்டர் பேப்பர் அப்படி வேலை செய்யாது. அது நார்கள் தாறுமாறாப் பின்னிக் கிடக்குற ஒரு அடர்த்தியான காடு. காத்து வளைஞ்சு நெளிஞ்சு போயிடும். கனமான துகளால அதே வேகத்துல வளைய முடியாது, நேரா போய் நார்ல மோதி ஒட்டிக்கும். கொஞ்சம் சின்னது ஓரமா உரசிப் போகும்போது மாட்டும். ரொம்பப் பொடிசானது தள்ளாடித் தள்ளாடி எங்கேயாவது முட்டிக்கும். அதனால பேப்பர்ல இருக்கிற இடைவெளியைவிடச் சின்ன துகளும் பிடிபடும்.

பேப்பரை ஏன் மடிச்சு மடிச்சு வெச்சிருக்காங்க? பரப்பளவுக்காக. பரப்பு கூடினா ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாவும் காத்து மெதுவாப் போகும், தடை குறையும், தூசி சேர இடமும் நிறையக் கிடைக்கும்.

முக்கியமான பாயின்ட் இனிமேதான். பிடிச்ச தூசி நார்கள் மேலயே உட்கார்ந்து, அதுவே அடுத்த தூசியைப் பிடிக்க உதவும். கொஞ்சம் ஓடின ஃபில்டர், பெட்டியில இருந்து எடுத்த புது ஃபில்டரைவிட நல்லா வடிகட்டும். கூடவே காத்துக்குத் தடையும் ஏறும். அதனாலதான் ஐ.எஸ்.ஓ. 5011 முறையில ஃபில்டரைச் சோதிக்கும்போது, அளவு எடுத்த டெஸ்ட் டஸ்ட்டைத் தொடர்ந்து கொடுத்து, ஆரம்பத்துல எவ்வளவு பிடிக்குது, நிரம்பும்போது எவ்வளவு பிடிக்குது, தடை எவ்வளவு ஏறுதுன்னு எல்லாத்தையும் தனித்தனியாப் பார்ப்பாங்க.

அப்போ மைலேஜ்?

"ஃபில்டர் மாத்துனா மைலேஜ் ஏறும்"னு எல்லாரும் சொல்வாங்க. கார்புரேட்டர் காலத்துல அது உண்மை. காத்து வர்ற வழி அடைபட்டா கார்புரேட்டர் தேவைக்கு அதிகமா பெட்ரோலை இழுக்கும்.

இப்போ இருக்கிற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்ல எவ்வளவு காத்து வருதுன்னு சென்சார் பார்க்குது, புகையில ஆக்சிஜன் எவ்வளவுன்னு இன்னொரு சென்சார் பார்க்குது, அதுக்கேத்த மாதிரி ஈ.சி.யூ. பெட்ரோலைக் குறைச்சுக்குது. அதுவும் இல்லாம, சாதாரண ஓட்டத்துல திராட்டில் வால்வே பாதி மூடித்தான் இருக்கும். ஃபில்டர்ல கொஞ்சம் தடை கூடினா, நீங்க தெரியாமலே ஆக்ஸிலரேட்டரை ஒரு நூல் கூட மிதிப்பீங்க, சரியாப் போயிடும்.

அமெரிக்க எரிசக்தித் துறைக்காக ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009ல வெளியிட்ட ஆய்வும் இதையேதான் சொல்லுது. அடைபட்ட ஃபில்டரால இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்கள்ல மைலேஜ் குறிப்பிடும்படி மாறலை. ஆக்ஸிலரேஷன்தான் அடி வாங்குச்சு. புதுசு மாத்தினா வேகம் எடுக்கிற நேரம் 6ல இருந்து 11 சதவீதம் வரைக்கும் மேம்படும். பழைய கார்புரேட்டர் வண்டியில மைலேஜ் 2ல இருந்து 6 சதவீதம் கூடலாம்.

ஆக, நீங்க ஃபில்டர் மாத்துறது பெட்ரோல் காசை மிச்சம் பண்ண இல்லை. எஞ்சினைக் காப்பாத்த. இது மண்டையில ஏறிட்டா அடுத்த கேள்விக்கு விடை தானாக் கிடைக்கும்.

ஏர் அடிச்சுப் போடலாமா?

நம்ம ஊர்ல கம்ப்ரசர் இல்லாத இடம் கம்மி. பஞ்சர் கடையில இருக்கு, பனியன் கம்பெனியில தையல் மெஷின் மேல படிஞ்ச பஞ்சை அடிக்க இருக்கு, மில்லுல இருக்கு. ஒரு வொர்க்‌ஷாப்புல நான் ஃபில்டர் கேட்டப்போ அங்க இருந்த அண்ணன் சொன்னது: "எதுக்குத் தம்பி புதுசு? ஒரு ஏர் அடிச்சா இன்னும் ஒரு வருஷம் வருமே!" அவர் நம்ம காசை மிச்சம் பண்ணத்தான் சொல்றார். ஃபில்டரை வாங்கி அடிச்சும் காட்டினார். பஞ்சு, சருகு, புழுதி எல்லாம் குபுகுபுன்னு பறந்துச்சு. பேப்பர் வெளுப்பாத் தெரிஞ்சுது.

பறந்தது எது? மேல படிஞ்சிருந்த அடைக்கிற தூசி. பேப்பரோட ஆழத்துல சிக்கியிருக்கிற பொடித் துகள் அவ்வளவு சுலபமா வராது. வெளிப்பக்கத்துல இருந்து அடிச்சா அது இன்னும் உள்ள தள்ளப்பட்டு, சுத்தமான பக்கத்துக்கே வந்துடும். கடை கம்ப்ரசர்ல பிரஷர் 100 பி.எஸ்.ஐ.க்கு மேலயே இருக்கும். கார் டயர்ல இருக்கிறது 30 பி.எஸ்.ஐ. பக்கம்தான். அந்த வேகத்துல நாஸிலைக் கிட்ட வெச்சு அடிச்சா பேப்பர் நார் விலகி, மடிப்போட நுனியில கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழலாம். காத்துக்கு எங்க தடை குறைவோ அங்கதான் அது ஓடும். கிழிசல் வழியா காத்து தூசியோட நேரா உள்ள போகும்.

சில வண்டிகளோட மேனுவல்லயே "உள்பக்கத்துல இருந்து ஏர் அடித்துச் சுத்தம் செய்யவும்"னு போட்டிருக்கு, அது பொய்யில்லை. காய்ஞ்ச பேப்பர் ஃபில்டருக்கு, உங்க மேனுவல் அனுமதிச்சா செய்யலாம். ஆனா பிரஷரைக் குறைச்சு, டயர் காத்து அளவுக்குள்ள வெச்சு, நாஸிலைத் தள்ளிப் பிடிச்சு, சுத்தமான பக்கத்துல இருந்து அழுக்குப் பக்கம் பார்த்து மட்டும் அடிக்கணும். ஒரு ஃபில்டருக்கு இதை ஒரு தற்காலிக உதவியா வெச்சுக்குங்க, வழக்கமா ஆக்கிக்க வேண்டாம். எண்ணெய்ப் பசையோட வர்ற பேப்பர் ஃபில்டருக்கு ஏர் அடிக்கவே கூடாது. ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர்கள்ல வர்றது அந்த ரகம். அழுக்கானா மாத்துறது மட்டும்தான் வழி. பேப்பர் ஃபில்டரைத் தண்ணியில கழுவுறது, தரையில தட்டுறது ரெண்டும் வேண்டவே வேண்டாம்.

எப்போ மாத்தணும்?

மேனுவல்ல ரெண்டு அட்டவணை இருக்கும். ஒண்ணு சாதாரண ஓட்டத்துக்கு, இன்னொண்ணு தூசி நிறைஞ்ச ரோடு மாதிரி கடுமையான சூழலுக்கு. பல கார்களுக்கு முதல் அட்டவணையில 20,000ல இருந்து 40,000 கி.மீ.க்குள்ள ஒரு எண் இருக்கும். நீங்க தினமும் மண் ரோடு, கொப்பரைக் களம், ரைஸ் மில் பக்கம் ஓட்டுறவங்களா இருந்தா ரெண்டாவது அட்டவணைதான் உங்களுக்கு. கோயம்புத்தூர்–கரூர் என்.எச். 81ல மட்டும் போய் வர்ற கார்னா முதலாவதே போதும்.

அதுக்காக மாசாமாசம் திறந்து பார்க்காதீங்க. ஒவ்வொரு தடவை பெட்டியைத் திறக்கும்போதும் தூசி உள்ள விழ ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு தடவையும் ரப்பர் சீல் சரியா உட்காராம போக ஒரு வாய்ப்பு. மேல்பக்கம் பழுப்பாயிருச்சுன்னு பதறவும் வேண்டாம். பழுப்புன்னா அது வேலை செஞ்சிருக்குன்னுதான் அர்த்தம்.

மாத்துற முறை

வேண்டியவை: சரியான ஃபில்டர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், 10ம் நம்பர் ஸ்பேனர் (சில வண்டிக்கு), ரெண்டு சுத்தமான துணி, ஒரு வெள்ளைத் துணி, டார்ச், மார்க்கர் பேனா.

ஃபில்டர் வாங்கும்போது மாடல் பேர் மட்டும் சொன்னா பத்தாது. வருஷம், பெட்ரோலா டீசலா, எந்த எஞ்சின்னு சொல்லுங்க. முடிஞ்சா பழைய ஃபில்டர்ல இருக்கிற பார்ட் நம்பரைக் காட்டுங்க. ஏ.சி.க்கு வர்ற கேபின் ஃபில்டர் வேற, அதை மாத்தி வாங்கிடாதீங்க.

1. காத்து அடிக்காத இடமாப் பார்த்து வண்டியை நிறுத்துங்க. பக்கத்துல வாசல் கூட்டுறாங்கன்னா முடியட்டும். எஞ்சினை ஆஃப் பண்ணி, சாவியை எடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, அரை மணி நேரம் ஆற விடுங்க.

2. பானெட்டைத் திறந்தா, தடிமனான குழாயோட ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி தெரியும். அதுதான் ஏர் கிளீனர் பாக்ஸ். திறக்கிறதுக்கு முன்னாடியே அதோட மேல்மூடியை ஈரத்துணியால துடைச்சுடுங்க. பல பேர் விடுற ஸ்டெப் இது. மேல இருக்கிற புழுதி மூடியைத் தூக்கும்போது நேரா உள்ள விழும்.

3. கிளிப், ஸ்க்ரூ, ஒயர் எல்லாம் எங்க இருக்குன்னு போன்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க.

4. கிளிப்பை விடுவிங்க, இல்லைன்னா ஸ்க்ரூவைக் கழட்டுங்க. மூடி தூக்க வரலைன்னா இழுக்காதீங்க, எங்கேயோ ஒரு ஸ்க்ரூ மறைஞ்சிருக்கும். குழாய்லயோ மூடியிலயோ சென்சார் கனெக்டர் இருந்தா, லாக்கை அமுக்கிக் கழட்டணும், ஒயரைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. சென்சாரோட உள்பக்கத்தை விரலால தொடாதீங்க.

5. பழைய ஃபில்டரை ஆட்டாம நேரா மேல தூக்குங்க. எந்தப் பக்கம் மேல இருந்துச்சுன்னு பார்த்துக்குங்க.

6. இப்போ டார்ச் அடிச்சு, எஞ்சினுக்குப் போற சுத்தமான பக்கத்தைப் பாருங்க. வெள்ளைத் துணியால உள்சுவரை ஒரு தடவை துடைங்க. துணி சுத்தமா இருந்தா சந்தோஷம். செம்மண் நிறத்துல பொடி வந்தா, இதுவரைக்கும் எங்கேயோ கசிஞ்சிருக்கு. சீல் உட்கார்ற ஓரத்துல தூசிக் கோடு தெரியுதா, பெட்டியில விரிசல் இருக்கா, குழாய் கிளாம்ப் லூஸா இருக்கான்னு தேடுங்க.

7. அழுக்குப் பக்கத்தை ஈரத்துணியால சுத்தம் பண்ணுங்க. எஞ்சினுக்குப் போற துவாரம் பக்கத்துல இருந்தா, முதல்ல அதைச் சுத்தமான துணியால அடைச்சுக்குங்க. வேலை முடிஞ்சதும் மறக்காம எடுத்துடணும். சருகு, எலி கொண்டு வந்து போட்ட கடலைத் தோல்னு எது வேணா உள்ள கிடைக்கலாம். இங்கேயும் ஏர் அடிக்காதீங்க.

8. புது ஃபில்டரை வையுங்க. அதோட ரப்பர் ஓரம் பெட்டியோட பள்ளத்துல முழுசா உட்காரணும். விரலால நாலு பக்கமும் ஒரு சுத்து தடவிப் பாருங்க. எங்கேயும் மடங்கியிருக்கக் கூடாது. மொத்த வேலையிலயும் முக்கியமான 10 செகண்ட் இதுதான்.

9. மூடியில கொக்கி மாதிரி இருக்கிற பக்கத்தை முதல்ல மாட்டி, அப்புறம் மறுபக்கத்தை அமுக்குங்க. ஸ்க்ரூவை முதல்ல கையால திருகி, எதிரெதிர் மூலையா இறுக்குங்க. பிளாஸ்டிக் மரை சீக்கிரம் போயிடும், பலம் காட்டாதீங்க. கிளிப் ஒண்ணு மட்டும் அடம் பிடிச்சா, அங்க சீல் சரியா உட்காரலைன்னு அர்த்தம். திறந்து திரும்ப வையுங்க.

10. கனெக்டரை மாட்டி, எடுத்த போட்டோவோட ஒப்பிட்டுப் பாருங்க. ஸ்டார்ட் பண்ணி, ஐடிலிங்ல விசில் மாதிரி சத்தம் வருதா, செக் எஞ்சின் லைட் எரியுதான்னு கவனிங்க. மாத்துன தேதி, கி.மீ. ரெண்டையும் பெட்டி மேல மார்க்கர்ல எழுதிடுங்க.

வண்டி வாரண்டியில இருந்தா பில்லைப் பத்திரமா வெச்சுக்குங்க.

அந்த 10 செகண்டோட விலை

எட்டாவது ஸ்டெப்பை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்? திரும்ப அந்த 6 கிராம் கணக்குக்கு வாங்க. ஃபில்டர் 99 சதவீதம் பிடிக்குதுன்னு வெச்சா, 0.06 கிராம்தான் உள்ள போகும். 98 சதவீதம்னா? பார்க்க ஒரே மாதிரிதான் தெரியுது, ஆனா 0.12 கிராம். எஞ்சினுக்குள்ள போற தூசி ரெண்டு மடங்கு.

இப்போ ஃபில்டர் அருமையான 99 சதவீதம்தான், ஆனா சீல் ஒரு ஓரத்துல மடங்கி, 5 சதவீதக் காத்து ஃபில்டரைத் தொடாமலே போகுதுன்னு வெச்சுக்குவோம். அதோட வர்ற தூசி மட்டும் 0.3 கிராம். ஃபில்டர் வழியா வர்றதையும் சேர்த்தா 0.36 கிராம், அதாவது 6 மடங்கு. விலை கூடின ஃபில்டர் வாங்கி அசட்டையா மாட்டுறதைவிட, சரியான அளவுல இருக்கிற சாதாரண ஃபில்டரை ஒழுங்கா மாட்டுறது மேல். அதே கணக்கு ஏர் அடிச்சுக் கிழிஞ்ச பேப்பருக்கும் பொருந்தும். அழுக்கான ஃபில்டர் எஞ்சினை மூச்சுத் திணற வைக்கும், அவ்வளவுதான். ஓட்டை ஃபில்டர் எஞ்சினைத் தின்னுடும். கொடுமை என்னன்னா, ஓட்டை ஃபில்டர் இருக்கிற வண்டி நல்லா இழுக்கும், ஓட்டுறவருக்கு எந்தக் குறையும் தெரியாது.

உங்களுக்கு ஒரு வீட்டுப் பாடம்

இந்த வார இறுதியில வீட்டுக் காரோட மேனுவலை எடுத்து, தூசி நிறைஞ்ச ரோட்டுக்கான அட்டவணையில ஏர் ஃபில்டருக்கு எதிரே என்ன எண் போட்டிருக்குன்னு பாருங்க. கடைசியா மாத்துன பில்லைத் தேடி எடுங்க. ரெண்டுக்கும் நடுவுல எத்தனை கி.மீ. ஓடியிருக்குன்னு கணக்குப் போட்டு, அதுக்கு எத்தனை லட்சம் லிட்டர் காத்து போயிருக்கும்னு மேல சொன்ன முறையில கண்டுபிடிங்க. வீட்ல டிராக்டர் இருந்தா, அதுல ஆயில் பாத் ஏர் கிளீனர் இருக்கான்னு பாருங்க. பேப்பரே இல்லாம, ஆயில் மேல காத்தைத் திருப்பி விட்டுத் தூசியைப் பிடிக்கிற முறை அது. ஏன் தூசி வளையாம ஆயில்ல விழுது, காத்து மட்டும் எப்படித் திரும்பிப் போகுதுங்கிறதுக்கு விடை இந்தக் கட்டுரையிலயே இருக்கு. கண்டுபிடிச்சவங்க எடிட்டர் குழுவுக்கு எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடுவோம்.